1,750 ரூபாய்: சீட்டுப் போடும் அக்காமார்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் விவேக் நகரிலும் ஈஜிபுராவிலும் நீலசந்திராவிலும் மாதாமாதம் சீட்டுக் கட்டிவரும் அக்காமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும்,

நான் உங்களில் ஒருத்தி. பத்தொன்பது வருஷமாகச் சீட்டில் இருக்கிறேன். என் மகளின் காலேஜ் ஃபீஸ், மாமியாரின் கண் ஆபரேஷன், இதை எழுத நான் உட்கார்ந்திருக்கும் இந்த மேசை, எல்லாமே சீட்டு எடுத்த காசு. பத்திரிகைக்கு எழுதுகிறவள் என்று சொல்லி நோட்டில் கணக்கு எழுதும் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டீர்கள். அந்த நோட்டைப் போன வாரம் புரட்டியபோது கண்ணில் பட்ட ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

இருபது பேர், ஆளுக்கு ஐயாயிரம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. முதல் மாதம் வழக்கப்படி சீட்டு நடத்தும் அக்காவுக்கு. இரண்டாம் மாதம் ஏலம். மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். ஒருவர் பத்தாயிரம் தள்ளினார், இன்னொருவர் பதினைந்து என்றார். கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, தலையை நிமிர்த்தாமல், "முப்பத்தஞ்சு" என்றார். ஒரு நொடி யாரும் பேசவில்லை. பிறகு யாரோ சிரித்தார்கள். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை இரண்டாம் மாதத்திலேயே அறுபத்தைந்தாயிரத்துக்கு எடுக்கிறவரிடம் அதற்கு மேல் யார் போட்டி போடுவது? தள்ளிய 35,000 ரூபாயை இருபதால் வகுத்தேன். ஆளுக்கு 1,750. அந்த மாதம் நாம் ஐயாயிரத்துக்குப் பதிலாக 3,250 கட்டினால் போதும் என்றானது. பக்கத்துக் கடையிலிருந்து மிளகாய் பஜ்ஜி வந்தது. நானும் இரண்டு தின்றேன்.

நான்கு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அந்த அறுபத்தைந்தாயிரம் அவருடைய மகனின் போனுக்குள் போயிருந்தது. கோரமங்களாவில் டெலிவரி ஓட்டுகிற பையன், நாம் தூக்கி வளர்த்த பிள்ளை. முதலில் ரம்மி, அப்புறம் ஐபிஎல் சீசனில் யாரிடமோ வாட்ஸ்அப்பில் வாங்கிய "ஐடி", கடைசியில் சிவப்பா பச்சையா என்று நிமிஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டும் கலர் ஆட்டம். அம்மாவுக்கு அரசு தரும் கிருகலட்சுமி இரண்டாயிரமும் அதில்தான் கரைந்தது. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும் என்பதால், வங்கிக் கணக்கின் யூபிஐ மகன் போனில் இருந்தது.

அதற்குள் நம்மில் சிலர் பேச ஆரம்பித்துவிட்டோம். வளர்ப்பு சரியில்லை. அவளுக்கு முன்னாலேயே தெரியும். அடுத்த சீட்டில் அவளைச் சேர்க்க வேண்டாம்.

நான் கேட்பது வேறு. முப்பத்தைந்தாயிரம் தள்ளி ஒருத்தி சீட்டு எடுக்கிறாள் என்றால் அவள் வீட்டில் ஏதோ தீப்பற்றி எரிகிறது என்று அன்றைக்கே நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்தது. அதனால்தான் அந்த ஒரு நொடி அமைதி. ஆனால் அந்தத் தீயின் சூட்டில் நமக்கு 1,750 ரூபாய் கிடைத்ததே.

இப்படி ஒரு வீடு சூதில் மூழ்கும்போது டாக்டருக்குக் கடைசியில்தான் தெரியவரும். கடன்காரன் வாசலில் கத்திய பிறகு போலீசுக்கும், கோயிலில் அழுத பிறகு சாமியாருக்கும் தெரியும். இரண்டாம் மாதமே தெரிந்தது சீட்டு நோட்டுக்குத்தான். விழிப்புணர்வு, பிரசாரம், ஊர்வலம் என்று எத்தனையோ பேர் எங்கிருந்தோ தொடங்குகிறார்கள். இந்த ஊரில் அது நம் பாயிலிருந்து தொடங்கினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரும் என்பது என் கட்சி.

தமிழில் "சீட்டு" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை கிடக்கிறது பாருங்கள். சேர்த்து வைப்பதும் சீட்டு, தொலைப்பதும் சீட்டு. 1968இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டு அரசு லாட்டரி தொடங்கியது; அதற்கு வைத்த பெயர் பரிசுச் சீட்டு. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அதற்கு ஒரு விளம்பர வாசகம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் விழவில்லை.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லாமல் உங்களுக்கு மட்டும் புத்தி சொல்வது முறையில்லை. என் தம்பி லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். கைக்காரன். ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு லாட்டரிக் கடையில் ஒரு நம்பர் லாட்டரியில் தொடங்கினான். கடைசி இலக்கம் ஒன்று பொருந்தினால் போதும். மத்தியானம் ஒரு குலுக்கல், சாயங்காலம் ஒரு குலுக்கல். ஏழு என்று வாங்கி எட்டு விழுந்தால் அவன் தோற்றதாக நினைக்க மாட்டான், "ஒரே ஒரு நம்பர்ல போச்சுக்கா" என்பான். தோல்வி அவன் கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட வெற்றியாகத் தெரிந்தது. நூலிழையில் தவறும்போது ஆடுகிறவர்களின் மூளை ஜெயித்தது போலவே கிளர்ச்சியடைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதை நான் பிற்பாடு படித்தேன். இன்றைய போன் ஆட்டங்கள் அந்த நூலிழையை வேண்டுமென்றே திரித்து வைத்திருக்கின்றன. எட்டு விழுந்தது தம்பிக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை. கலர் ஆட்டத்தில் மணிக்கு அறுபது தடவை.

தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே லாட்டரியை நிறுத்திவிட்டார்கள். இங்கே கர்நாடகத்தில் 2007 வரை ஓடியது. நிறுத்திய அன்று அம்மா குழந்தை இயேசு கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். மூன்று மாதத்தில் தம்பி ஓசி ஆட்டத்துக்குப் போயிருந்தான். மட்கா நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குகிற அந்த ஆட்டத்துக்குக் கடை வேண்டாம், பெட்டிக்கடை ஓரத்தில் நிற்கும் ஒரு ஆள் போதும்.

மூன்று தடவை அவன் கடனை அடைத்தோம். முதல் தடவை அம்மாவின் சங்கிலி. இரண்டாவது, நான் தள்ளி எடுத்த சீட்டு. ஆமாம், நானும் ஒரு காலத்தில் கதவோரம் உட்கார்ந்து தலை நிமிராமல் ஏலம் கேட்டவள்தான். மூன்றாவது, தருமபுரிப் பக்கம் அப்பா வாங்கிப் போட்டிருந்த மனை. ஒவ்வொரு தடவையும் அவன் காலில் விழுந்து அழுதான். பொய்யழுகை என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடன் தீர்ந்த மறுநாள் அவனுக்கு மறுபடி யாரும் கடன் கொடுக்கலாம் என்ற நிலை வந்தது. நாங்கள் அடைத்தது கடனை மட்டுமா, அவன் மறுபடி ஆடுவதற்கான வழியையும் சேர்த்துத் திறந்துவிட்டோம். "விட்டதை விட்ட இடத்துலதான் பிடிக்கணும்" என்பது அவன் வேதம். இந்தா பிடித்துவிடுகிறேன், அடுத்த மாதம் பிடித்துவிடுகிறேன். நம் ஈஜிபுரா மேம்பாலத்தை 2017இல் கட்ட ஆரம்பித்ததிலிருந்து நமக்குச் சொல்லிவந்த கெடு மாதிரிதான்.

கடைசியில் அவனைத் திருப்பியது நாங்கள் யாருமில்லை. பட்டறையில் கூட வேலை பார்த்த ஒருவர், தன் அண்ணனைக் குடியிலிருந்து மீட்க நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்கு நடந்தவர், "எனக்குத் துணைக்கு வாடா" என்று சொல்லி இவனை அழைத்துப் போனார். திட்டவில்லை, சத்தியம் வாங்கவில்லை. உள்ளே போனபின் இவனையும் டாக்டர் முன் உட்கார வைத்தார். மாதக்கணக்கில் பேச்சு, கொஞ்ச நாள் மாத்திரை, சம்பளம் நேராக மனைவி கைக்கு. நடுவில் இரண்டு தடவை சறுக்கினான். இப்போது ஒசூரில் இருக்கிறான். பர்சில் இருநூறு ரூபாய்க்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. அது அவனே அவனுக்குப் போட்டுக்கொண்ட விதி.

அதனால் இது நோய் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆச்சரியமில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் தங்கள் கையேட்டைத் திருத்தி எழுதியபோது, சூதாட்ட நோயை மதுவும் போதையும் இருக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு வருஷம் மூடிக்கிடந்து 2009இல் திறக்கப்பட்ட சிலையில் நிற்கிறாரே திருவள்ளுவர், அவருடைய புத்தகத்தில் சூது 94ஆம் அதிகாரம். முன்னால் 93, கள்ளுண்ணாமை. பின்னால் 95, மருந்து. அதிகாரங்களை இந்த வரிசையில் வைத்தது யாராக இருந்தாலும் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

"அதான் சட்டம் வந்துடுச்சே" என்று போன மாதம் ஒரு தங்கச்சி சொன்னாள். வந்தது. கர்நாடகம் 2021 அக்டோபரில் கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடையை 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் 2020இல் ஒரு அவசரச் சட்டம், 2021இல் அதன் வழிவந்த சட்டம் ரத்து, நீதிபதி சந்துரு குழு, கவர்னர் திருப்பி அனுப்பிய மசோதா, 2023 ஏப்ரலில் மறுபடி சட்டம், நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் அதிலிருந்து விலக்கு. ரம்மி திறமை ஆட்டம் என்று அறுபதுகளின் கடைசியில் உச்ச நீதிமன்றம் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கம்பெனிகள் இத்தனை வருஷம் ஓட்டின. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடிய ரம்மியைப் பார்த்துச் சொன்னது அது; ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் முகம் தெரியாதவனோடு ஆடுவதைப் பார்த்துச் சொன்னதில்லை. கடைசியாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் சட்டம் நிறைவேற்றி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை; அது எனக்குப் பிடித்தது. நாற்பத்தைந்து கோடிப் பேர் வருஷத்துக்கு இருபதாயிரம் கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று அரசாங்கமே அப்போது ஒரு மதிப்பீடு சொன்னது. பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. சில கோர்ட்டுக்கும் போயின.

நல்ல சட்டம், வேண்டிய சட்டம். ஆனால் 2007இல் அம்மா ஏற்றிய மெழுகுவர்த்தி எனக்கு மறக்கவில்லை. நம் அக்காவின் மகனுக்கு ரம்மி ஆப் மூடிய ஒரு வாரத்தில் டெலிகிராமில் வேறு லிங்க் வந்துவிட்டது. அது எந்த நாட்டிலிருந்து ஓடுகிறது என்று அவனுக்கே தெரியாது. கள்ள ஆட்டத்தில் ஜெயித்த பணம் வராமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது? மாட்டிக்கொண்டவனுக்கு இப்போது வெட்கத்தோடு பயமும் சேர்ந்திருக்கிறது. முன்பைவிட ஆழமாக ஒளிவான்.

சிங்கப்பூரில் 2010இல் காசினோ திறந்தபோதே, உள்ளூர்க்காரர் நுழைய நூறு வெள்ளி கட்டணம் வைத்தார்கள், இப்போது நூற்றைம்பது. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு ஏற்பாடு: வீட்டில் ஒருவர் சூதாட்டத்தால் குடும்பத்தைக் கெடுக்கிறார் என்றால், மனைவியோ மகனோ விண்ணப்பித்து அவரை உள்ளே விடாதபடி செய்ய முடியும். குடும்பத்துக்கு ஒரு கதவு திறந்து வைத்திருக்கிறார்கள். போனுக்குள் இருக்கும் காசினோவுக்கு வாசல் கிடையாது. நம் பிள்ளைகளுக்கும் அதற்கும் நடுவில் நிற்கக்கூடியது நம் பாயும் நோட்டும்தான்.

ஆகவே சில விஷயங்கள் கேட்கிறேன்.

முதல் நாலைந்து மாதத்துக்குள் யாராவது அடிமாட்டு விலைக்குத் தள்ளி எடுத்தால், அன்று ராத்திரியே நம்மில் ஒருவர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒருவர் மட்டும். கூட்டமாகப் போனால் பஞ்சாயத்து. யார் போவது என்று எல்லோருக்கும் தெரியும்: கேட்டதை வெளியே விடாத வாய் யாருடையது என்று நமக்குள் ரகசியமில்லை. போய், "உன் பையன் சூதாடுறானாமே" என்று ஆரம்பித்தால் கதவு சாத்தப்படும். ராத்திரி தூங்குகிறானா, போனை யார் கையிலாவது தருகிறானா, சம்பளம் வந்த அன்றைக்கே தீர்ந்துபோகிறதா என்று கேளுங்கள். பையனே பேசுகிற நிலையில் இருந்தால், டாக்டர்கள் முதல் சோதனைக்கு வைத்திருக்கும் இரண்டே கேள்வி இருக்கிறது. வர வர அதிகப் பணம் கட்டணும்னு தோணியிருக்கா? எவ்வளவு ஆடினேன்னு வேண்டியவங்ககிட்ட பொய் சொல்லியிருக்கியா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலே மேற்கொண்டு டாக்டரிடம் பேச வேண்டிய ஆள் என்று அர்த்தம்.

சீட்டுப் பணத்தை ஆடுகிறவன் கையில் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூட ஃபீஸ் என்றால் பள்ளிக்கூடத்துக்கு, வாடகை என்றால் வீட்டுக்காரருக்கு. மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைத்து அவனைத் தூக்கிவிடும் ஆசையும் வேண்டாம். எங்கள் சங்கிலியும் மனையும் போன வழி அது. அம்மாவின் வங்கிக் கணக்கு அம்மாவின் போனில் இருக்கட்டும். எழுத்துத் தெரியாத அக்காமார்களுக்கு நம் பிள்ளைகளில் ஒருத்தி சனிக்கிழமை உட்கார்ந்து சொல்லித் தரட்டும், பாஸ்வேர்டை மட்டும் கேட்காமல்.

நிம்ஹான்சை "மென்டல் ஆஸ்பத்திரி" என்று சொல்வதை நம் பாயிலாவது நிறுத்திவிடுவோம். தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து அதன் வாசலில் நிற்கிறார்கள். நமக்கு அது கூப்பிடு தூரம். போன், ஆன்லைன் ஆட்டம் இவற்றில் சிக்கியவர்களுக்கென்றே 2014இல் அங்கே தனி கிளினிக் தொடங்கினார்கள். இந்தப் பக்கம் செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சக்தி திட்டத்தில் நமக்கு பஸ் சும்மா, கூட வருகிற பையனுக்குத்தான் டிக்கெட். அதற்கும் முன்னால், ராத்திரி ஒரு மணிக்கு, "செத்துடலாம்போல இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அவனைத் தனியாகவும் விடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ். காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். கடன் ஆப்காரன் போட்டோவை மாற்றி அனுப்புவேன் என்று மிரட்டினால் 1930, சைபர் குற்ற உதவி எண். சங்கக் கடன் வசூலிக்க வருகிறவர் வாசலில் நின்று அசிங்கப்படுத்தினால் அதற்கும் 2025 பிப்ரவரியிலிருந்து கர்நாடகத்தில் சட்டம் இருக்கிறது. பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓட வேண்டாம்.

குழந்தை இயேசு கோயிலின் வியாழக்கிழமை நொவேனாவுக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ ஜனம் வருகிறது. இந்து, கிறிஸ்தவர் என்று பார்க்காமல் மெழுகுவர்த்தி வாங்குகிறார்கள். அங்கே மைக் கட்டிப் பேச வேண்டாம்; சூதாட்டம் தவறு என்று ஆடுகிறவனுக்கு நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மெழுகுவர்த்திக் கடைக்காரரிடமும் பூக்காரம்மாவிடமும் சொல்லி, பொட்டலத்தோடு ஒரு துண்டுச் சீட்டு வைக்கச் சொல்லலாம். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் கன்னடம். அந்த இரண்டு கேள்வியும் 14416உம் போதும். கேட்டு மன்றாட வந்தவள் கையில் அது இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்ப்பாள். அச்சுக் கூலியை நான் விசாரித்துக்கொண்டு வருகிறேன்.

பதிவு செய்யாத நம் சீட்டு சட்டப்படி எந்த நிலையில் இருக்கிறது என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்கு ஒரு தனி ஞாயிற்றுக்கிழமை வேண்டும், அதையும் தள்ளிப்போடக் கூடாது.

அந்த அக்கா இதுவரை ஒரு மாதமும் தவணை தவறவில்லை. இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் இப்போது நாலு வீட்டுக்குப் போகிறார். மகன் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வர ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் என் தம்பியோடு போனில் இரண்டு தடவை பேசியிருக்கிறான். இரண்டாவது தடவை அவனே கூப்பிட்டானாம்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அந்த அக்காவைத் தவிர மற்ற பத்தொன்பது பேருக்கும் சேர்த்துக் கிடைத்தது 33,250 ரூபாய். ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போய்வரும் நாட்களில் அந்தப் பையனுக்கு நஷ்டமாகும் கூலி, துண்டுச் சீட்டு அச்சு, நாளை இன்னொரு வீட்டுக்கு வேண்டியது, எல்லாவற்றுக்கும் ஒரு டப்பா வைத்தால் என்ன என்று தோன்றியது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சீட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 14416 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். என் பங்கு 1,750 ரூபாயை ஒரு கவரில் போட்டிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மாடிக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப்பிள்ளை